பெட்டியில் அச்சிடாத எண்கள்

தட்டைத் திரை மானிட்டரின் விலை இறங்கிவிட்டது. எதை வாங்குவது என்ற குழப்பம்தான் ஏறிவிட்டது.

டெல்லி நேரு பிளேஸில் கடைகள் திறந்திருக்கும் எந்த நாளிலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். ஓர் அப்பா, கல்லூரியில் படிக்கும் மகள், பத்தாயிரம் ரூபாய் பட்ஜெட். கடைச் சுவர் முழுக்க மானிட்டர்கள். எல்லாவற்றிலும் ஒரே வீடியோ: நீலக் கடல், பச்சைக் கிளி, கொட்டும் அருவி. "இது 100 ஹெர்ட்ஸ் சார், இது 1 மில்லி செகண்ட், இது ஐ-கேர்" என்று விற்பனைப் பையன் ஒப்பிக்கிறான். அப்பாவுக்குப் புரிவது இரண்டே விஷயம்: எது பெரியது, எது மலிவு. இரண்டும் ஒரே பெட்டியில் இருந்தால் வியாபாரம் முடிந்தது. பெங்களூர் எஸ்.பி. ரோடு, மும்பை லாமிங்டன் ரோடு, சென்னை ரிச்சி தெரு என்று ஊருக்கு ஊர் பாஷைதான் மாறுகிறது. இந்தக் காட்சி மாறுவதில்லை.

கம்ப்யூட்டரில் வேறெதைத் தவறாக வாங்கினாலும் எரிச்சலோடு போய்விடும். திரை அப்படியல்ல. ஒரு மானிட்டர் சாதாரணமாக ஏழெட்டு ஆண்டுகள் மேஜையில் உட்கார்ந்திருக்கும். அதற்குள் கம்ப்யூட்டர் ஒரு முறை மாறிவிடலாம், மானிட்டர் மாறாது. தினமும் நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும் ஏழு ஆண்டில் பத்தாயிரம் மணி நேரத்துக்கு மேல். அத்தனை நேரமும் அதைப் பார்க்கப்போவது ஒரே ஜோடிக் கண்கள்.

பெட்டியின்மேல் கொட்டை எழுத்தில் இருப்பவை பெரும்பாலும் விற்பதற்கான எண்கள். "கான்ட்ராஸ்ட் 1 கோடிக்கு 1" என்று போட்டிருப்பார்கள். கறுப்புக் காட்சி வரும்போது பின்விளக்கை ஏறக்குறைய அணைத்துவிட்டு அளந்து, அதை முழு வெள்ளைக் காட்சியோடு ஒப்பிட்டுக் கிடைத்த கணக்கு அது. ஒரே நேரத்தில் திரையில் தெரியும் கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வித்தியாசம் சாதாரண ஐபிஎஸ் திரையில் 1,000-க்கு 1 அளவில்தான் இருக்கும். "1 மில்லி செகண்ட்" என்பது துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுபவர்களுக்கு உதவும். கடிதம் அடிப்பவருக்கும் கணக்கு எழுதுபவருக்கும் அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஹெர்ட்ஸ் விஷயத்தில் பழைய கைகளும் தடுமாறுகிறார்கள். 1990-களின் குண்டு மானிட்டரில், அதாவது பிக்சர் டியூப் காலத்தில், 60 ஹெர்ட்ஸ் என்றால் தலைவலி. டியூபின் உள்பூச்சு மினுங்கி உடனே மங்கிவிடும் என்பதால் திரை துடித்துக்கொண்டே இருக்கும். 75, 85 என்று ஏற்றினால்தான் நிம்மதி. எல்சிடி திரையில் ஒவ்வொரு புள்ளியும் அடுத்த படம் வரும் வரை வெளிச்சத்தை அப்படியே பிடித்து வைத்திருக்கிறது. எனவே இங்கே 60 ஹெர்ட்ஸ் துடிக்காது. 100 ஹெர்ட்ஸ் இருந்தால் பக்கத்தை உருட்டும்போது எழுத்து வழுக்கிக்கொண்டு நகரும். இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குடி முழுகிவிடாது.

துடிப்பு இப்போது வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது. மலிவான சில மானிட்டர்களில் வெளிச்சத்தைக் குறைத்தால், பின்விளக்கு உண்மையில் மங்குவதில்லை. விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை அணைந்து எரிகிறது. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சிலருக்கு மாலையில் தலை வலிக்கும். கண்டுபிடிக்க கருவி வேண்டாம். திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றை வரவழைத்து, வெளிச்சத்தைப் பாதிக்கும் கீழே இறக்கி, ஒரு பென்சிலைத் திரைக்கு முன்னால் வேகமாக விசிறுங்கள். பென்சில் ஒரே கலங்கலாகத் தெரிந்தால் சரி. தனித்தனியாக நாலைந்து பென்சில்கள் தெரிந்தால் அந்த மானிட்டர் வேண்டாம்.

சரி, எந்த எண்ணைத்தான் பார்ப்பது? அங்குலத்தையும் ரெசல்யூஷனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தனித்தனியே பார்த்தால் இரண்டும் ஏமாற்றும். ஃபுல் எச்டி என்றால் குறுக்கே 1,920, நெடுக்கே 1,080 புள்ளிகள். அதே புள்ளிகளை 22 அங்குலத் திரையில் பரப்பினால் ஓர் அங்குலத்துக்கு 100 புள்ளிகள் விழும். 24 அங்குலத்தில் 92. 27 அங்குலத்தில் 82-தான். 27 அங்குல ஃபுல் எச்டி திரை 24 அங்குலத்தைவிட ஒரு வரிகூட அதிகமாகக் காட்டாது. அதே மாவைப் பெரிய கல்லில் தேய்த்த தோசை மாதிரி, பரப்பு கூடும், கனம் குறையும்.

இந்த நிருபரும் ஏமாந்தவர்தான். தள்ளுபடியைப் பார்த்து 27 அங்குல ஃபுல் எச்டி ஒன்றை வாங்கி வந்து, முதல் நாள் சினிமா பார்த்து மகிழ்ந்து, இரண்டாம் நாள் தமிழில் ஒரு கட்டுரையைத் திறந்தபோது உண்மை புரிந்தது. ஆங்கில எழுத்து சமாளித்துவிட்டது. தமிழ் சமாளிக்கவில்லை. 'கி'க்கும் 'கீ'க்கும் வித்தியாசம் மேலே ஒரு சின்னச் சுழிதான். 'ணி', 'ளீ', 'ஞ', 'ஜ' எல்லாமே சுழியால் ஆனவை. மெய்யெழுத்தின் தலையில் புள்ளி வேறு ஒட்டாமல் நிற்க வேண்டும். புள்ளிகள் முரடாக இருந்தால் சுழி அடைத்துக்கொள்கிறது. நாற்காலியை இரண்டடி பின்னால் தள்ளிப் போட்டுத்தான் வாசிக்க முடிந்தது. அதற்குச் சின்னத் திரையையே கிட்டே வைத்து வாசித்திருக்கலாம்.

ஆகவே கணக்கு எளிது. ஃபுல் எச்டி என்றால் 24 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 27 அங்குலம்தான் வேண்டும் என்றால் 2,560 x 1,440 புள்ளிகள் உள்ளதைக் கேளுங்கள். அங்குலத்துக்கு 109 வரும். 27 அங்குலத்தில் 4கே என்றால் 163. எழுத்து அச்சடித்ததுபோல நிற்கும். ஆனால் எழுத்தின் அளவை 150 சதவீதமாகப் பெரிதாக்கிக்கொள்ள வேண்டியிருக்கும். பழைய கம்ப்யூட்டருக்கு அதை இழுக்கிற தெம்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். உதாரணமாக எச்டிஎம்ஐ 1.4 இணைப்பு 4கே படத்தை விநாடிக்கு 30 முறைக்குமேல் அனுப்பாது. மவுஸ் அம்பு விக்கி விக்கி நகரும்.

"வீட்டில் 32 அங்குல டிவி சும்மாத்தானே இருக்கிறது, அதையே மாட்டிவிடலாமே" என்று கேட்பவர்கள் ஏராளம். அந்த அளவு டிவிகளில் பல 1,366 x 768 புள்ளிகள் கொண்டவை. அங்குலத்துக்கு 49. கிரிக்கெட்டுக்குப் போதும். எக்செல் ஷீட்டுக்குப் போதாது.

அடுத்து, திரையின் ஜாதி. இதைச் சிறிய எழுத்திலாவது போட்டிருப்பார்கள், தேடுங்கள். டிஎன் என்பது பழைய வகை. தலையைக் கொஞ்சம் ஏற்றி இறக்கினாலே நிறம் வெளுக்கும் அல்லது இருளும். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் தம்பிக்கு வேறு படம் தெரியும். ஐபிஎஸ் வகையை ஹிட்டாச்சி 1996-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது. எந்தக் கோணத்திலும் நிறம் ஓரளவு மாறாது. ஒரு காலத்தில் போட்டோகிராபர்கள் மட்டுமே வாங்கக்கூடிய விலையில் இருந்தது, இன்று பத்தாயிரத்துக்குள் 24 அங்குலமே கிடைக்கிறது. விஏ வகையில் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும், கான்ட்ராஸ்ட் 3,000-க்கு 1 வரை போகும். இருட்டறையில் படம் பார்ப்பவர்களுக்கு ஏற்றது. ஆனால் கறுப்புப் பின்னணியில் எழுத்தை உருட்டினால் சற்று இழுபடும். படிக்கவும் எழுதவும் என்றால் ஐபிஎஸ் வாங்கிவிட்டு வேறு யோசனையை விட்டுவிடலாம். ஓஎல்இடி அழகுதான். விலையும் அழகுதான். ஒரே மெனு நாள் முழுக்க நிற்கும் ஆபீஸ் வேலையில் அதன் தழும்பு திரையில் நிரந்தரமாகப் பதியும் அபாயம் உண்டு.

பெட்டியில் கடைசி வரியாகக்கூட வராத விஷயம் ஸ்டாண்ட். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே இருக்க வேண்டும். மலிவு மானிட்டர்களின் ஸ்டாண்ட் முன்னும் பின்னும் சாயும், உயராது. விளைவு: நம் வீடுகளில் பாதி மானிட்டர்கள் டெலிபோன் டைரக்டரி காலத்திலிருந்தே ஏதாவது ஒரு புத்தக அடுக்கின்மேல் நிற்கின்றன. அதில் தவறில்லை, அடுக்கு ஆடாமல் இருந்தால் சரி. பைஃபோகல் கண்ணாடி போடுபவர்கள் மட்டும் இதற்கு நேர்மாறாகத் திரையைத் தாழ்த்தி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடியின் கீழ்ப்பாதி வழியே பார்க்க முகவாயைத் தூக்கித் தூக்கிக் கழுத்து பிடித்துக்கொள்ளும். உயர்த்தி இறக்கும் ஸ்டாண்டுக்கு ஆயிரம் இரண்டாயிரம் கூடக் கேட்டால் கொடுக்கலாம். முடியாவிட்டால், பின்புறம் 75 அல்லது 100 மில்லிமீட்டர் இடைவெளியில் நான்கு திருகாணித் துளைகள் உண்டா என்று பாருங்கள். பிறகு தனியாக ஒரு கை வாங்கி மாட்டிக்கொள்ளலாம்.

'ஐ-கேர்', 'லோ புளூ லைட்' ஸ்டிக்கர்களுக்காகத் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. திரையிலிருந்து வரும் நீல ஒளி கண்ணைக் கெடுப்பதற்கு ஆதாரம் இல்லை என்பதே அமெரிக்கக் கண் மருத்துவர்கள் சங்கத்தின் நிலை. கண் எரிவதற்குக் காரணம், திரையைப் பார்க்கும்போது நாம் இமைக்க மறப்பது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது 20 விநாடி பார்க்கச் சொல்கிறார்கள். இதற்கு ஸ்டிக்கர் தேவையில்லை, ஒரு ஜன்னல் போதும். அந்த ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இல்லாமல் பக்கவாட்டில் இருக்கட்டும். நம்முடைய வெயிலுக்கும் டியூப் லைட்டுக்கும் பளபளப்பான திரையைவிட மங்கல் பூச்சுள்ள திரைதான் பொருந்தும்.

பட்ஜெட் ஐயாயிரத்தைத் தாண்டாது என்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. கம்பெனிகள் கழித்துக்கட்டும் மானிட்டர்கள் இதே சந்தைகளுக்குத்தான் வந்து சேருகின்றன. பெரிய ஆபீஸ்கள் பெரும்பாலும் நல்ல ஸ்டாண்டும் நல்ல திரையும் உள்ளதையே வாங்கியிருப்பார்கள். சதுர வடிவான 19 அங்குலத்தைக் கேலி செய்யாதீர்கள். அதன் உயரம் 11.9 அங்குலம், புது 22 அங்குல அகலத் திரையின் உயரம் 10.8 அங்குலம்தான். ஒரு முழுப் பக்கத்தை வாசிக்கப் பழசே வசதி. ஆனால் பின்புற ஸ்டிக்கரில் தயாரித்த ஆண்டைப் பாருங்கள். 2010-க்கு முந்தையவை பெரும்பாலும் உள்ளே சிறு டியூப் விளக்கு வைத்தவை. வயதானால் மஞ்சளித்து மங்கும், பாதரசமும் உண்டு. விஜிஏ இணைப்பு மட்டும் உள்ளதையும் தவிர்க்கலாம், எழுத்தின் ஓரம் கலங்கும்.

கடையில் கிளியையும் அருவியையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எந்தத் திரையிலும் கிளி அழகாகத்தான் இருக்கும். பென்டிரைவில் ஒரு தமிழ்ப் பத்திரிகைப் பக்கத்தை எடுத்துப்போய்த் திறந்து காட்டச் சொல்லுங்கள். கை நீட்டும் தூரத்தில் நின்று வாசித்துப் பாருங்கள். பையன் முணுமுணுப்பான், முணுமுணுக்கட்டும். பிறகு முழுக் கறுப்பு, முழு வெள்ளை. கறுப்பில் நட்சத்திரம்போல ஒளிரும் புள்ளியும் வெள்ளையில் மிளகுபோல நிற்கும் புள்ளியும் தெரிகிறதா என்று தேடுங்கள். வீட்டுக்குப் போனபின் ஒரு புள்ளி செத்திருப்பதாகச் சொன்னால் மாற்றித் தர மாட்டார்கள். பல கம்பெனிகள் பின்பற்றும் ஐஎஸ்ஓ இரண்டாம் தர அளவுகோல், பத்து லட்சம் புள்ளிகளுக்கு எப்போதும் எரியும் புள்ளி இரண்டு, எப்போதும் இருண்ட புள்ளி இரண்டு வரை குறையாகக் கருதுவதில்லை. ஃபுல் எச்டி திரையில் இருபது லட்சத்துக்குமேல் புள்ளிகள் இருக்கின்றன, நீங்களே பெருக்கிக்கொள்ளலாம். தபாலில் வரவழைப்பவர்கள் பெட்டியைப் பிரிக்கும்போதே செல்போனில் வீடியோ எடுத்துவைப்பது நல்லது.

பில்லில் மாடல் எண்ணையும் சீரியல் எண்ணையும் எழுதி வாங்குங்கள். அட்டைப் பெட்டியையும் தெர்மோகோலையும் கேரண்டி காலம் வரை பரணில் வைத்திருங்கள். சர்வீஸ் சென்டருக்கு ஆட்டோவில் கொண்டுபோகும்போது திரையை மடியில் வைத்துக்கொண்டு போவதைவிட அது நல்லது.