கொத்தனார் கூலி யார் கணக்கில்?

கொச்சியிலுள்ள மட்டாஞ்சேரி அரண்மனையைக் கட்டியவர்கள் போர்த்துகீசியர். 1555 வாக்கில் கட்டி, கொச்சி அரசர் வீர கேரள வர்மாவுக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். நூறாண்டு கழித்து, 1663இல் டச்சுக்காரர்கள் அதைப் பழுதுபார்த்தார்கள். அனுபவித்தது அரச குடும்பம். ஊர் வாயில் நின்ற பெயரோ ‘டச்சு அரண்மனை’. கட்டியவர் ஒருவர், உரிமையாளர் இன்னொருவர், பெயர்ப் பலகை மூன்றாமவருக்கு என்ற ஏற்பாடு மட்டாஞ்சேரிக்குப் புதிதல்ல.

அரண்மனைக்குப் பக்கத்திலுள்ள ஜூ டவுனிலும் பஜார் ரோட்டிலும் மிளகும் சுக்கும் அடுக்கியிருந்த பழைய பண்டகசாலைகளில் பல இப்போது உணவகம், ஓவியக்கூடம், பழம்பொருள் கடை என்று மாறிவிட்டன. 2012இல் கொச்சி - முசிறிஸ் பினாலே என்ற கலைக் கண்காட்சி தொடங்கியபின் இந்த மாற்றம் வேகம் பிடித்தது. இப்படி ஒரு கட்டடத்தை வாடகைக்குப் பிடித்து, பேர்பெற்ற உணவகச் சங்கிலி ஒன்றின் ஃபிரான்சைஸை எடுக்க நினைப்பவர் மெனுவைப் பற்றி நிறையவே விசாரிப்பார். சுவருக்குள் போகும் குழாயைப் பற்றி விசாரிக்கத் தோன்றாது. கையைக் கடிப்பது அந்தக் குழாய்தான்.

வழக்கமான ஏற்பாடு இதுதான். பிராண்டுக் கம்பெனி வரைபடமும் வடிவமைப்புக் கையேடும் தரும்: சமையலறையில் எது எங்கே, மேசைக்கு என்ன நிறம், பலகையில் எழுத்து எவ்வளவு உயரம் எல்லாம் அதில் இருக்கும். யாரிடம் அடுப்பு வாங்க வேண்டும், எந்த ஒப்பந்ததாரரை வைக்க வேண்டும் என்ற பட்டியலும் பெரும்பாலும் கூடவே வரும். கட்டட உரிமையாளர் நான்கு சுவரும் கூரையும் தருவார். மற்ற அத்தனைக்கும் ஃபிரான்சைஸ் எடுப்பவர் பணம் கொடுப்பார். தொழிலில் இதை ‘ஃபோஃபோ’ என்கிறார்கள். முதலும் அவருடையது, நடத்துவதும் அவரே. ‘ஃபோகோ’ என்றால் முதல் மட்டும் அவருடையது, கடையைக் கம்பெனி நடத்தும். இரண்டிலும் கொத்தனார் கூலி ஒரே கணக்கில்தான் விழும்.

எல்லா இடத்திலும் அப்படியே என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் 1956இலேயே தனியாக ஒரு மனை நிறுவனத்தைத் தொடங்கி, நிலத்தையும் கட்டடத்தையும் தன் கையில் வைத்துக்கொண்டது. ஹாரி சோன்போர்னின் யோசனை அது. அங்கே ஃபிரான்சைஸ் எடுப்பவர் சமையல் கருவி, இருக்கை, அலங்காரம், பெயர்ப் பலகை ஆகியவற்றுக்குச் செலவு செய்கிறார். கம்பெனியே அவருக்கு வீட்டுக்காரர். இன்னொரு பாதுகாப்பும் அந்த நாட்டில் உண்டு. கையெழுத்துக்கு 14 நாள் முன்னதாகவே, 23 தலைப்புகள் கொண்ட ஆவணத்தைக் கம்பெனி கொடுத்தாக வேண்டும். தொடக்கச் செலவு எவ்வளவு ஆகும், இடம் பார்ப்பதிலும் கட்டுவதிலும் கம்பெனி எதைச் செய்யும் என்பதெல்லாம் அதில் எழுத்தில் இருக்கும். இந்தியாவில் ஃபிரான்சைஸுக்கென்று தனிச்சட்டம் கிடையாது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தை வைத்துத்தான் காலம் ஓடுகிறது. தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் சட்டம்.

தாளில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: கடையைத் தயார்செய்யும் செலவு ஃபிரான்சைஸ் எடுப்பவருடையது. புது மாலில் ஒரு கடை என்றால் இந்த வரி பெரிதாக உறுத்தாது. மட்டாஞ்சேரியில் உறுத்தும்.

எண்ணெய்க் கழிவைப் பிடிக்கும் தொட்டியையே எடுத்துக்கொள்வோம். பாத்திரம் கழுவிய நீர் சாக்கடையில் சேருமுன் கொழுப்பைத் தடுக்கும் தொட்டி அது. வரைபடத்தில் தரைக்குள் பதித்துக் காட்டியிருப்பார்கள். காயலை ஒட்டிய தாழ்வான ஊரில் பள்ளம் தோண்டினால் தண்ணீர் ஊறும். பெரிய கடலேற்றத்தின்போது தெருவிலேயே உப்புநீர் நிற்கும். ஆகவே தொட்டியைத் தரைக்கு மேலே வைக்க வேண்டும். தொட்டி மேலே வந்தால், நீர் வாட்டமாக ஓடுவதற்குச் சமையலறைத் தளத்தை ஒரு முழமாவது உயர்த்த வேண்டும். தளம் உயர்ந்தால் பழைய மரவாசல் குட்டையாகிவிடும், தலை இடிக்கும். வாசலை உயர்த்தப் போனால் சுவரை உடைக்க வேண்டும். சுவரோ செம்புரைக்கல்லும் காரையுமாக நிற்கும் பழைய சுவர். ஒரு தொட்டியில் தொடங்கிய செலவு நிலைப்படி வரை வந்துவிட்டது. கம்பெனியின் மதிப்பீட்டில் இதற்கு ஒரு பைசாகூட இருக்காது. உணவுப் பாதுகாப்பு விதிகளோ சமையலறையின் தரையும் சுவரும் கழுவக்கூடியதாக, கூரை தூசு உதிராததாக இருக்க வேண்டும் என்கின்றன. உத்தரமும் ஓடும் தெரியும் அழகுக்காகத்தான் அந்தக் கட்டடத்தையே பிடித்திருப்பார்கள் என்பது தனி வேடிக்கை.

சுவரை உடைப்பதும் அத்தனை எளிதல்ல. கட்டடத்தின் மதிப்பையோ பயனையோ கணிசமாகவும் நிரந்தரமாகவும் குறைக்கும்படி வாடகைதாரர் நடந்துகொண்டால், அவரைக் காலிசெய்யச் சொல்ல 1965ஆம் ஆண்டின் கேரள வாடகைச் சட்டம் உரிமையாளருக்கு வழி கொடுக்கிறது. கம்பெனி இடிக்கச் சொல்லும், உரிமையாளர் முறைப்பார். நடுவில் இருப்பவர் வேலை தொடங்குமுன்பே உரிமையாளரிடம் வரைபடத்தைக் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொள்வது நல்லது. அரண்மனை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் இன்னொரு கையெழுத்தும் தேவைப்படலாம். 2010இல் திருத்தப்பட்ட சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது, பழுதுபார்க்கவும் அனுமதி வேண்டும். அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டருக்கும் கட்டுப்பாடு உண்டு. கிடங்கை உணவகமாக மாற்ற மாநகராட்சியின் அனுமதி வேறு. இவற்றுக்கெல்லாம் அலைவதும் பெரும்பாலும் ஃபிரான்சைஸ் எடுப்பவர்தான். அலையும் மாதங்களில் வாடகை ஓடுமா, நிற்குமா என்பதை முன்கூட்டியே பேசாதவர்கள் பாவம்.

வரிக் கணக்கு பலருக்கும் தாமதமாகத்தான் உறைக்கிறது. 2017 நவம்பர் 15 முதல் சாதாரண உணவகங்களுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், பதிலுக்கு உள்ளீட்டு வரிச் சலுகை கிடையாது. இன்டீரியர் ஒப்பந்ததாரர் 50 லட்சத்துக்கு பில் போட்டால் 18 சதவீதம் என்று 9 லட்சம் வரி சேரும். வேறு வியாபாரமாக இருந்தால் அதில் பெரும்பகுதியைக் கழித்துக்கொள்ளப் பார்க்கலாம். உணவகக்காரருக்கு அது போனது போனதுதான். கம்பெனிக்கு மாதாமாதம் கட்டும் ராயல்டி மீதான வரிக்கும் இதே கதி.

இத்தனை அலங்காரமும் வேண்டுமா என்று கேட்பவர்கள் மட்டாஞ்சேரியில் கைகாட்டும் இடம் ஒன்று உண்டு: 1948 முதல் நடக்கும் காயீஸ் ரஹ்மத்துல்லா ஹோட்டல். அங்கே பிரியாணிக்குக் கூட்டம் வருகிறது, மேசையின் நிறத்தைப் பார்த்து அல்ல. ஆனால் அந்தப் பெயர் அதைத் தொடங்கிய காயிக்காவின் கைப்பக்குவத்தில் சேர்ந்த பெயர். அடுத்தவர் சேர்த்த பெயரை வாடகைக்கு வாங்குபவருக்கு மேசையின் நிறத்தில் பேரம் பேச இடமில்லை.

பேரம் பேசக்கூடிய இடங்கள் வேறு. வாடகை ஒப்பந்தமும் ஃபிரான்சைஸ் ஒப்பந்தமும் ஒரே நாளில் முடிகின்றனவா? மின்சுமையை உயர்த்தும் செலவும் கூரை ஒழுகினால் அதன் செலவும் யாருடையது? சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கம்பெனி தோற்றத்தை மாற்றச் சொன்னால் அதற்கு உச்சவரம்பு உண்டா? கடைசியாக, ஒப்பந்தம் முடியும் நாள். பெயர்ப் பலகையையும் அடையாள நிறங்களையும் அகற்ற வேண்டும் என்று கம்பெனி எழுதியிருக்கும். கட்டடம் பழையபடி திரும்ப வேண்டும் என்று உரிமையாளர் எழுதியிருப்பார். உயர்த்திய தளத்தை இடித்து, வாசலை மறுபடி பொருத்தி, சுவரைப் பூசிக் கொடுத்தபிறகுதான் உரிமையாளரிடம் கொடுத்த முன்பணம் கைக்கு வரும்.