8 ஜிபிக்குள் அடங்காத பஸ்: மோடு ஆட்டத்துக்குக் கம்ப்யூட்டர் வாங்குவோருக்கு

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்த ஓராண்டு நீட்டிப்பு 2026 அக்டோபர் 13-ஆம் தேதியோடு முடிகிறது. விண்டோஸ் 10-இல் ஓடும் ஆர்டிஎக்ஸ் கார்டுகளுக்குப் புதிய கேம் டிரைவர் தருவதையும் அதே மாதத்தோடு நிறுத்தப்போவதாக என்விடியா அறிவித்திருக்கிறது. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 1060 வரிசைக் கார்டுகளுக்குக் கேம் டிரைவர் 2025 அக்டோபரோடு சரி. இனி 2028 வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டும்தான். கோவை, திருப்பூர், ஈரோட்டு வீடுகளில் பல வருஷமாக ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர்களை மாற்றச் சொல்லி எல்லாப் பக்கமும் ஒரே சமயத்தில் நெருக்குகின்றன.

இந்த நெருக்கடியில் கோவை காந்திபுரத்துக்குக் கார்டு வாங்கப் போகிறவர்களிடமிருந்து வரும் கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "புதுக் கார்டு போட்டாச்சு. ஆட்டம் நல்லா ஓடுது. மோடு போட்டா மட்டும் திக்குது. ஏன்?" யூரோ டிரக் சிமுலேட்டர் 2-இல் அரசு விரைவு பஸ்ஸும் ஆம்னி பஸ்ஸும் ஓட்டுகிறவர்கள், ஸ்கைரிமில் காட்டையும் மலையையும் புதிதாகப் போர்த்துகிறவர்கள், ஜிடிஏ 5-ஐ நிஜத் தெரு மாதிரி மாற்றுகிறவர்கள், எல்லோருக்கும் சிக்கல் ஒன்றுதான். மோடு எப்படிப் போடுவது, எஃப்பிஎஸ் என்றால் என்ன என்பதெல்லாம் இவர்களுக்குத் தெரியும். தெரியாமல் போவது, கார்டின் மாடல் எண்ணுக்கும் மோடு சீராக ஓடுவதற்கும் உள்ள தொடர்பு மிகக் குறைவு என்பதுதான். பார்க்க வேண்டிய எண் வேறு: கார்டின் மேலேயே பதிந்திருக்கும் மெமரி, அதாவது விரேம்.

'பரிந்துரை' யாருக்காக?

ஆட்டத்தின் பக்கத்தில் 'பரிந்துரைக்கப்படும் கம்ப்யூட்டர்' என்று ஒரு பட்டியல் இருக்கும். நிறுவனம் தான் செய்த ஆட்டத்தை, தான் போட்ட படங்களோடு, தான் தேர்ந்த செட்டிங்கில் ஓட்டுவதற்கான பட்டியல் அது. மோடுக்கு அதில் இடமே இல்லை. 2016-இல் வந்த ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷனுக்குப் பரிந்துரைக்கப்பட்டது 3 ஜிபி மெமரி உள்ள ஜிடிஎக்ஸ் 780. அதே ஆட்டத்தில் 4கே டெக்ஸ்சர் மோடுகளை அடுக்கினால் 8 ஜிபி கார்டும் நிரம்பிவிடும். அந்தப் பட்டியலை நம்பிக் கார்டு வாங்குகிறவர் மோடு போடாத ஒருவருக்கான கார்டைத்தான் வாங்குகிறார்.

ஒரு பஸ், எத்தனை மெமரி?

கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் பிடிபடும். சாதாரண ஃபுல் எச்டி திரையில் மொத்தம் 1920 பெருக்கல் 1080, கிட்டத்தட்ட 20.7 லட்சம் புள்ளிகள். ஒரு 4கே டெக்ஸ்சரில் 4096 பெருக்கல் 4096, அதாவது 1 கோடியே 67 லட்சம் புள்ளிகள். உங்கள் திரை முழுவதும் காட்டக்கூடியதைப் போல எட்டு மடங்கு, ஒரே ஒரு சீட் துணியின் படத்தில் இருக்கிறது.

ஒரு புள்ளிக்கு 4 பைட் என்று வைத்தால் அந்த ஒரு படத்துக்கு 64 எம்பி. கார்டுகளுக்கென்றே உள்ள பிசி7 முறையில் சுருக்கிப் போட்டால் 16 எம்பி. பிசி1 முறையில் 8 எம்பி. தூரத்தில் தெரியும்போது பயன்படுத்தச் சிறிய நகல்களும் கூடவே வரும் என்பதால் இதோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். 2கே படமாக இருந்தால் எல்லாமே நான்கில் ஒரு பங்கு. பக்க அளவு பாதியானால் மெமரி கால்வாசியாகிவிடும்.

இனி ஒரு ஆம்னி பஸ் மோடை எடுத்துக்கொள்ளுங்கள். பாடி பெயின்ட், சீட், டேஷ்போர்டு, பெயர்ப் பலகை, கண்ணாடி ஸ்டிக்கர், சக்கரம், சீரியல் லைட் என ஒவ்வொன்றுக்கும் தனிப் படம். ஆர்வத்தில் மோடு செய்யும் இளைஞர் எல்லாவற்றையும் 4கே-யில், சுருக்காமல் சேமித்துவிட்டால், சிறிய நகல்களைச் சேர்க்காமலே நூறு படத்துக்கு 6.4 ஜிபி. சரியாகச் சுருக்கியிருந்தால் அதே நூறு 1.6 ஜிபியில் அடங்கும். கண்ணுக்கு இரண்டுக்கும் பெரிதாக வித்தியாசம் தெரியாது. இந்த ஒரு பஸ்ஸோடு மேப் மோடு, டிராஃபிக் மோடு, மழை மோடு எல்லாம் சேர்கின்றன. விண்டோஸும் திறந்து வைத்த பிரவுசரும் விரேமில் ஒரு பங்கை ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கும்.

நிரம்பிய பிறகு நடப்பது

இங்கேதான் விஷயம் கவலைக்குரியதாகிறது. விரேம் நிரம்பினால் ஆட்டம் நின்றுவிடும், அல்லது எச்சரிக்கை வரும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி எதுவும் நடப்பதில்லை. டிரைவர் சத்தமில்லாமல் மிச்சத்தைக் கம்ப்யூட்டரின் சாதா ரேமில் கொண்டுபோய் வைத்துவிடுகிறது. தேவைப்படும்போது மதர்போர்டில் உள்ள பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதை வழியாக எடுத்து வருகிறது. சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டுகிறவர்களுக்கு இது உடனே புரியும்: நூல் தறியருகே இருக்கும்வரை ஓட்டம் நிற்காது, கிட்டங்கியிலிருந்து வர வேண்டுமென்றால் தறி எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் காத்துத்தான் நிற்கும்.

ஆர்டிஎக்ஸ் 4060-இன் சொந்த மெமரி நொடிக்கு 272 ஜிபி வேகத்தில் தரும். மதர்போர்டுப் பாதையில் அந்தக் கார்டு 8 லேன் மட்டுமே பயன்படுத்துகிறது. நான்காம் தலைமுறை போர்டில் அதன் வேகம் நொடிக்குச் சுமார் 16 ஜிபி. பி450, எச்410 போன்ற மூன்றாம் தலைமுறை போர்டில் செருகினால் சுமார் 8 ஜிபி. எஃப்பிஎஸ் 60 வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமுக்கு உள்ள நேரம் 16.7 மில்லி செகண்டு. பஸ் ஒரு டவுனுக்குள் நுழையும்போது அரை ஜிபி டெக்ஸ்சர் வெளியிலிருந்து வர வேண்டுமானால் புதிய போர்டில் 31 மில்லி செகண்டு, பழைய போர்டில் 62. இரண்டு ஃபிரேமோ நான்கு ஃபிரேமோ காணாமல் போகும். நீங்கள் உணரும் அந்தத் திக்கல் இதுதான்.

சராசரி எஃப்பிஎஸ் எண்ணில் இது தெரியாது. நிமிடத்துக்கு மூவாயிரத்துக்கு மேல் ஃபிரேம் ஓடுகிறது. அதில் சில தவறினாலும் சராசரி அசையாது. ஆகவே விமர்சன வீடியோ பார்க்கும்போது சராசரியை விட்டுவிட்டு '1 பர்சென்ட் லோ' (மிக மெதுவாக வந்த ஒரு சதவீத ஃபிரேம்களின் எஃப்பிஎஸ்) என்ற எண்ணைப் பாருங்கள். இன்னொன்று: அந்தச் சோதனைகள் பெரும்பாலும் மோடு இல்லாத ஆட்டத்தில் செய்யப்படுபவை.

வேகமான மெமரி தீர்ந்து திக்குவது பழைய கதைதான். 2014-இல் வந்த ஜிடிஎக்ஸ் 970-ஐ 4 ஜிபி கார்டு என்று விற்றார்கள். அதில் 3.5 ஜிபிதான் முழு வேகம், கடைசி அரை ஜிபி மெதுவானது என்று பிறகு தெரியவந்தது. அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். 2016-இல் கார்டுக்கு 30 டாலர் தர என்விடியா ஒப்புக்கொண்டது.

ஏன் இன்னும் 8 ஜிபி?

காரணம் கார்டின் அடிப்படை வடிவமைப்பில் இருக்கிறது. ஒரு மெமரி சில்லு 32 பிட் பாதையில் சேர்கிறது. பெரும்பாலான மலிவு கார்டுகளின் சிப்பில் பாதை 128 பிட்தான். ஆகவே நான்கு சில்லு. இன்று பரவலாக உள்ள சில்லு 2 ஜிபி. நாலிரண்டு எட்டு. 2021-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060-இல் பாதை 192 பிட், ஆறு சில்லு, 12 ஜிபி. அதற்கு அடுத்து வந்த 4060-இல் பாதையைக் குறைத்து 8 ஜிபி ஆக்கினார்கள். பெயரில் எண் மட்டும் ஏறியது. மோடு ஆட்டக்காரருக்கு இது பின்னடைவு.

128 பிட் பாதையிலும் போர்டின் இரு பக்கமும் சில்லு வைத்து 16 ஜிபி தர முடியும். 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ-யிலும் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி-யிலும் அதைச் செய்திருக்கிறார்கள். அறிவித்த விலையில் இரண்டிலுமே 8 ஜிபிக்கும் 16 ஜிபிக்கும் வித்தியாசம் 50 டாலர். நம் கடைக்கு வரும்போது 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து அது கொஞ்சம் கூடும். மோடு போடுகிறவருக்கு முழுக்காசுக்கும் பலன் தரும் செலவு இது.

'4090-இன் திறன்' என்ற விளம்பரம்

5070 கார்டு 549 டாலருக்கு 4090-இன் திறனைத் தரும் என்று 2025 ஜனவரியில் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங் மேடையில் சொன்னார். ஆட்டம் வரைந்த இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே மூன்று ஃபிரேம்களைக் கார்டே ஊகித்து நுழைக்கும் வசதியை வைத்துச் சொன்ன கணக்கு அது. 4090-இல் 24 ஜிபி மெமரி, 5070-இல் 12. ஊகித்து நுழைக்கும் வேலைக்கே கொஞ்சம் விரேம் போகும். மெமரி போதாமல் திக்கும் ஆட்டத்தில் அந்தப் பட்டனைப் போட்டால் எஃப்பிஎஸ் எண் கூடும். திக்கல் குறையாது, சில சமயம் கூடும். அதே ஆண்டு மே மாதம் 8 ஜிபி ஆர்டிஎக்ஸ் 5060 கடைக்கு வந்தபோது, பெரும்பாலான விமர்சகர்களுக்கு முன்கூட்டியே சோதிக்க டிரைவர் கிடைக்கவில்லை. சோதனை முடிவு வராத கார்டை முதல் நாளில் வாங்காதீர்கள்.

காசு போடும் முன் வீட்டிலேயே பாருங்கள்

இப்போதுள்ள கார்டில் மோடோடு ஆட்டத்தை அரை மணி நேரம் ஓட்டுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் ஜிபியு-வைத் தட்டுங்கள். கீழே இரண்டு வரைபடம்: 'டெடிகேட்டட்', 'ஷேர்டு'. முதலாவது கார்டின் சொந்த மெமரி. இரண்டாவது கடன் வாங்கிய சாதா ரேம். ஷேர்டு சில நூறு எம்பியில் இருந்தால் கவலையில்லை. டெடிகேட்டட் உச்சியைத் தொட்டு, ஷேர்டு ஜிபி கணக்கில் ஏறினால் உங்கள் சிக்கல் விரேம்தான். டெடிகேட்டட் பாதியிலேயே நிற்க, ஆட்டம் மட்டும் திக்கினால் கார்டை மாற்றிப் பயனில்லை. பிராசஸரையோ ஹார்டு டிஸ்க்கையோ பாருங்கள்.

முதல் வகையென்றால் கார்டு வாங்கும் முன் 4கே டெக்ஸ்சர் மோடுகளின் 2கே பதிப்பைத் தேடிப் போட்டுப் பாருங்கள். ஃபுல் எச்டி திரையில் பெரும்பாலான பொருள்களுக்கு அது தாராளமாகப் போதும். பலருக்குச் சிக்கல் அதோடு முடிந்துவிடும், செலவில்லாமல்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக

எந்தக் கார்டு? புதிதாக வாங்கினால் 16 ஜிபி உள்ள 9060 எக்ஸ்டி அல்லது 5060 டிஐ. காசு குறைவென்றால் 12 ஜிபி இன்டெல் ஆர்க் பி580.

ஆர்க் பழைய போர்டில் ஓடுமா? கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் ஒரே சமயத்தில் அணுக விடும் 'ரீசைசபிள் பார்' வசதி இல்லாத போர்டில் வாங்கவே வேண்டாம்.

செகண்ட் ஹேண்ட்? 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 இன்றும் மோடுக்கு நல்ல கார்டு; ஈத்தீரியம் மைனிங் 2022 செப்டம்பரில் நின்றபின் சந்தைக்கு வந்தவை பல, ஆகவே நேரில் அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

பிராசஸர்? யூரோ டிரக்கும் ஸ்கைரிமும் பெரும்பாலும் ஒரே கோரை நம்பி ஓடுபவை. கோர் எண்ணிக்கையைவிட ஒரு கோரின் வேகமே முக்கியம், ரைசன் எக்ஸ்3டி வகை இதில் சிறந்தது.

பஸ் ஓட்டும்போது மட்டும் மெதுவாகிறதே? பக்கக் கண்ணாடி ஒவ்வொன்றுக்கும் சாலையைத் தனியாக வரைய வேண்டும். மிரர் குவாலிட்டியைக் குறையுங்கள்.

ரேம்? 32 ஜிபி, இரண்டு துண்டாக.

ரேம் விலை இறங்கும்வரை காத்திருக்கலாமா? ஏஐ நிறுவனங்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போகின்றன, மைக்ரான் தன் குரூஷியல் சில்லறை வியாபாரத்தையே விடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது, தேவையிருந்தால் காத்திருக்காதீர்கள்.

எஸ்எஸ்டி? கட்டாயம், விலையுயர்ந்த வகை தேவையில்லை.

லேப்டாப்? ஒரே பெயர், வேறு சரக்கு: 5070 மேசைக் கார்டில் 12 ஜிபி, லேப்டாப்பில் அறிமுகமானபோது 8 ஜிபி.

பவர் சப்ளை? '80 பிளஸ்' முத்திரை மின்சாரச் சிக்கனத்தைச் சொல்வது, தரத்துக்குச் சான்றல்ல.

கார்டு சூடாகிறது? பனியன் கம்பெனி, நூல்மில் பக்கத்து வீடுகளில் பஞ்சுத் தூசி ஃபேனை அடைக்கும். மாதம் ஒருமுறை ஊதிச் சுத்தம் செய்யுங்கள்.

ஒரே பெயரில், ஒரே மாதிரிப் பெட்டியில் 8 ஜிபி கார்டையும் 16 ஜிபி கார்டையும் விற்பது வாங்குகிறவரை ஏமாற்ற வழி செய்யும் பழக்கம். நிறுவனங்கள் அதை மாற்றும்வரை நம் கையில் இருப்பது பில் ஒன்றுதான். கார்டின் பெயரோடு மெமரி அளவையும் சீரியல் எண்ணையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.