பழங்காசும் பிரமாண நூலும்

கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரையும் 1818 என்னும் ஆண்டையும் ஒருபுறத்தில் தாங்கி, மறுபுறத்தில் ராமர் பட்டாபிஷேகத்தையோ அனுமாரையோ காட்டும் செப்புக் காசொன்று, லட்சக்கணக்கில் விலை போகும் அற்புத வஸ்துவாக நம் நாட்டில் வெகுகாலமாகப் பேசப்பட்டு வருகிறது. அரிசியைத் தன்பால் இழுக்கும் சக்தி அதற்கு உண்டென்று நம்பிச் சேமிப்பையெல்லாம் தொலைத்துவிட்டுப் போலீஸ் ஸ்டேஷன் படியேறியவர்களின் கதையும் பத்திரிகை படிப்போருக்குப் புதிதன்று. இதன் பொய்மையை அறிய ரசாயனப் பரீட்சை எதுவும் வேண்டுவதில்லை. கம்பெனி தன் ஆட்சிப் பகுதி முழுமைக்கும் பொதுவான நாணயத்தைச் சட்டமாக்கியது 1835ஆம் ஆண்டில்தான். அதற்குமுன் வங்காளம், பம்பாய், சென்னை ஆகிய மாகாணங்கள் தத்தமக்கென்று தனித்தனியே அச்சிட்டு வந்தன. அவற்றின் பட்டியல் எதிலும் இந்தக் காசு இல்லை. ஆனால் சென்னையில் கம்பெனியார் விஷ்ணுவின் உருவம் பொறித்த வராகன்களை வெளியிட்டது உண்மையே. அந்த அரை உண்மையின் நிழலில்தான் இந்த முழுப்பொய் குடியிருக்கிறது என்பதால், இரண்டையும் பிரித்துக் காட்ட நம்பத்தகுந்த நூல் ஒன்று கையிலிருப்பது அவசியமாகிறது.

நூல்கள் ஏராளம் இருக்கின்றன. 1972 முதல் வெளிவரத் தொடங்கிய கிராஸ் கேட்லாக், உலக நாணயங்களுக்கெல்லாம் எண் கொடுத்து வைத்திருப்பதால், வியாபாரிகள் அந்த எண்ணைச் சொல்லியே பேரம் பேசுகிறார்கள். கம்பெனி காசுகளுக்கும் பிரிட்டிஷ் இந்தியக் காசுகளுக்கும் மேஜர் பிரிட்மோர் எழுதி 1975லும் 1980லும் வெளிவந்த இரண்டு தொகுதிகளைத் தாண்டிச் செல்வது இன்றும் எளிதன்று. இவற்றில் எதைக் கையில் எடுத்தாலும், விலைப் பகுதியைக் கடைசியில் பார்ப்பதே உசிதம் என்பது என் அபிப்ராயம். எடை, உலோகக் கலவை, குறுக்களவு, விளிம்பின் அமைப்பு, அச்சுக்கு அச்சு காணும் பேதம், படத்திலுள்ள காசு யார் வசம் இருப்பது ஆகிய இவ்வளவையும் ஆசிரியர் சொல்லியிருந்தால், அவர் தம்மைப் பரிசோதிக்க நமக்கு உரிமை தருகிறார் என்று பொருள். விலையை மட்டும் சொல்லுகிறவர் அந்த உரிமையைத் தருவதில்லை.

அந்தப் பரிசோதனை எத்தகையது என்பதை விக்டோரியா காலத்து வெள்ளி ரூபாய் ஒன்றைக் கொண்டே பார்க்கலாம். 1835 முதல் 1939 வரை ரூபாயின் எடை 180 கிரெயின், அதாவது 11.66 கிராம், அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி என்று நூல்கள் கூறுகின்றன. நகைக்கடைத் தராசு போன்ற ஒரு சிறு மின்னணுத் தராசின்மேல் நீருள்ள டம்ளரை வைத்து, தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, மெல்லிய நூலில் கட்டிய ரூபாயை அடியிலும் பக்கத்திலும் படாமல் நீருக்குள் தொங்கவிட்டால், தராசு ஏறக்குறைய 1.13 கிராம் காட்டும். காசின் எடையை இந்த எண்ணால் வகுக்கக் கிடைக்கும் 10.3தான் அதன் ஒப்படர்த்தி. காசில் ஒட்டிய காற்றுக் குமிழிகளை ஈரத் தூரிகையால் தட்டிவிடாவிட்டால் கணக்கு கெட்டுப்போகும். 1940இல் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்ட ரூபாய்க்கு இதே சோதனை 9.5ஐ ஒட்டிய விடையைத் தரும். செம்பும் நிக்கலும் கலந்து செய்த போலி 9ஐத் தாண்டாது.

பௌதிகம் இவ்வளவு தூரம் துணைவருகிறதே என்று மகிழ்ந்துவிடுவதற்கில்லை. ஆறாம் ஜார்ஜ் மன்னரின் 1939 ரூபாய் அரிது. 1938 ரூபாய் மலிவு. மலிவான ரூபாயின் எட்டைச் சுரண்டி ஒன்பதாக்கிவிட்டால், எடையும் மாறாது, வெள்ளியும் மாறாது, ஒப்படர்த்தியும் மாறாது. இங்கே உண்மையான 1939இன் பெரிதாக்கிய படம் ஒன்றே கைகொடுக்கும். ஒன்பதின் வளைவையும் பக்கத்து எண்ணுக்கும் அதற்குமுள்ள இடைவெளியையும் பூதக்கண்ணாடியில் ஒப்பிட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. அம்மாதிரிக் காசைப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருப்பார்களானால், சுரண்டிய தடமும் சேர்ந்து போயிருக்கும்.

படத்தின் பெருமைக்கு இதைவிடப் பெரிய திருஷ்டாந்தம் அமெரிக்காவில் உண்டு. இன்று உலகெங்கும் காசின் நிலையை 1 முதல் 70 வரை எண்ணிட்டுச் சொல்லும் வழக்கத்துக்கு மூலபுருஷர் வில்லியம் ஷெல்டன். மனித உடலமைப்பை வகைப்படுத்திய உளவியல் நிபுணரான இவர், ஆதி அமெரிக்க சென்ட்டுகளைப் பற்றி 1949இல் வெளியிட்ட நூலில்தான் அந்த அளவுகோலை வகுத்தார். மிகமிகத் தேய்ந்த காசின் விலையைப்போல் எழுபது மடங்கு பழுதற்ற காசுக்குக் கிடைக்கிறது என்னும் அக்காலத்துச் சந்தை நிலவரமே அதற்கு அடிப்படை. சந்தை மாறிவிட்டது, எண் மட்டும் நிலைத்துவிட்டது. அது போகட்டும். 1977இல் அவர் மறைந்த பிறகு வெளிப்பட்ட செய்திதான் சேகரிப்பாளர்களைத் திடுக்கிட வைத்தது. நியூயார்க்கிலுள்ள அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் சேகரத்திலிருந்த உயர்ந்த சென்ட்டுகளை எடுத்துக்கொண்டு, அவற்றின் இடத்தில் அதே அச்சின் தாழ்ந்த காசுகளை அவர் வைத்துவிட்டிருந்தார். சங்கத்திடம் இருந்த பழைய புகைப்படங்களோடு ஒப்பிட்டபோது ஒவ்வொரு காசின் கீறலும் புள்ளியும் சாட்சி சொல்லின. ஆசிரியரின் யோக்கியதை எப்படிப் போனாலும் அச்சு பேதங்களைப் பற்றி அவர் எழுதியது பெரும்பாலும் சரியாகவே இருந்தது என்பதும், அந்த நூலை இன்றும் ஆராய்ச்சியாளர் புரட்டுகிறார்கள் என்பதும் வினோதமான உண்மைகள்.

நம் பக்கத்து மூத்த நூல்களுள் ஒன்று, சர் வால்டர் எலியட் 1880களில் வெளியிட்ட தென்னிந்திய நாணயங்கள் பற்றிய கிரந்தம். சென்னை சிவில் சர்வீஸில் நெடுங்காலம் இருந்து ஸ்காட்லாந்து திரும்பிய அவர், கண்பார்வை ஏறக்குறைய மறைந்துவிட்ட முதுமையில் அதை முடித்தார். 1889இல் டஃப்னெல் என்ற ராணுவ அதிகாரி, தென்னிந்தியாவில் காசு சேர்ப்பவர்களுக்கென்றே ஒரு கைந்நூல் எழுதினார். இவற்றை வழிபடவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். சங்ககால மன்னர்கள் தம் பெயரில் நாணயம் வெளியிட்டதில்லை என்று அறிஞர் பலர் கருதி வந்ததை, 1980களில் நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி படித்துச் சொன்ன பெருவழுதி காசு, பிராமி எழுத்தில் பொறித்த ஒரு பெயராலேயே மாற்றிவிட்டது. தேய்ந்த சிறு செப்புக் காசுகளை எழுத்தெழுத்தாகப் பார்த்தவருக்குக் கிடைத்தது அது. பழைய புத்தகங்களை மட்டும் பார்த்தவருக்குக் கிடைத்திருக்க வழியில்லை.

விலையும் அருமையும் நூலில் எவ்வளவு சீக்கிரம் மூப்படைகின்றன என்பதற்குச் சென்னைக்கே உரிய காசொன்று உதாரணமாகும். ஒருபுறம் கம்பெனியின் சிங்க முத்திரையும் மறுபுறம் ‘இருபது காசு நான்கு பலூஸ்’ என்னும் பாரசீக வாசகமும் கொண்ட 1808ஆம் ஆண்டின் இருபது காசு நாணயத்தை, பர்மிங்ஹாமில் மேத்யூ போல்டனின் சோஹோ ஆலையில் நீராவி யந்திரத்தால் அச்சிட்டுச் சென்னைக்கு அனுப்பினார்கள். அவ்விதம் ஏற்றிவந்த கப்பல்களுள் ‘அட்மிரல் கார்ட்னர்’ என்பது 1809 ஜனவரியில் புயலில் சிக்கி, இங்கிலாந்தின் கரையோரத்திலுள்ள குட்வின் மணல்திட்டில் மூழ்கிற்று. ஏறக்குறைய நூற்றெழுபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1980களில், முக்குளிப்போர் அந்தச் செப்பைக் குவியல் குவியலாக வெளியே கொண்டுவந்து விற்றார்கள். இக்காசைப் பற்றிப் பிரிட்மோரின் 1975ஆம் வருஷத் தொகுதி தரும் எடையும் வாசகமும் இன்றும் பிசகாதவை. நல்ல நிலையிலுள்ள காசு எத்தனை அரிது என்பதற்கு மட்டும் அதை நம்பலாகாது. எனவே இன்று இதை வாங்குகிறவர், கடலடியிலிருந்து வந்ததா, சென்னைச் சந்தையில் கைமாறித் தேய்ந்ததா என்று முதலில் விசாரிக்க வேண்டும். கடற்காசு சோஹோ அச்சின் வரிகள் கலையாமல், உப்பரித்து மங்கிய மேனியோடு இருக்கும். நம் ஊரில் புழங்கியதோ வழவழப்பாகத் தேய்ந்து, சிங்கத்தின் முகமே தெரியாமல் இருக்கும். அழகில் பின்தங்கினாலும், வந்துசேர வேண்டிய ஊருக்கு உண்மையில் வந்துசேர்ந்தது இரண்டாவதுதான். எனக்கு அதன்மேல்தான் ஆசை.