நவம்பர் வியாழக்கிழமையை நம்பிய திராட்சை விவசாயிகள்!

பிரான்ஸ் நாட்டின் லியோன் நகருக்கு வடக்கே, சோன் ஆற்றுக்கு மேற்கே நீண்டு கிடக்கும் குன்றுப்பகுதி, போஜொலே. இங்கே பயிராவதில் மிகப்பெரும்பகுதி, 'காமே' என்ற ஒரே கறுப்புத் திராட்சை ரகம்தான். இதில் கிடைப்பது துவர்ப்பு குறைந்த, பழ வாசனை தூக்கலான சிவப்பு ஒயின்.

பக்கத்துப் பகுதியான பர்கண்டியின் கோமகன் பிலிப், 1395-ம் ஆண்டில் இந்த ரகத்தை மட்டமானது என்று சொல்லி, கொடிகளை வெட்டி எறிய உத்தரவிட்டார். ஆனால், அங்கே மதிப்பிழந்த காமே, போஜொலேயின் வடபகுதியில் கருங்கல் சிதைந்து உருவான அமில மண்ணில் அருமையாக விளைந்தது.

நசுக்காமல் நொதிக்கும் பழம்!

இங்கே அறுவடை பெரும்பாலும் கையால்தான். பழங்களை நசுக்காமல், கொத்துக் கொத்தாகத் தொட்டியில் போடுகிறார்கள். கரியமில வாயு நிறைந்த தொட்டிக்குள், முழுப் பழத்தின் உள்ளேயே நொதித்தல் தொடங்குகிறது. தோலின் துவர்ப்பு அதிகம் இறங்காததால், சில வாரங்களிலேயே ஒயின் குடிக்கத் தயாராகிவிடும்.

இப்படி வரும் புது ஒயினுக்கு 'போஜொலே நூவோ' என்று பெயர். 1985-ம் ஆண்டு முதல், நவம்பர் மாத மூன்றாவது வியாழக்கிழமைதான் இதன் விற்பனை நாள். ஜப்பான் வரை விமானத்தில் பறந்தது. மற்ற சிவப்பு ஒயின்களுக்கு ஒரு வருடம், அதற்கு மேலும் காத்திருக்க வேண்டும். இதற்கோ அறுவடை முடிந்த சில வாரங்களில் பணம். 1992-ம் ஆண்டில், போஜொலே ஒயினில் பாதிக்கு மேல் நூவோவாகவே விற்றது.

தேங்கிய சரக்கு!

உற்பத்தி பெருகப் பெருக, தரம் இறங்கியது, மோகமும் குறைந்தது. 2001-ம் ஆண்டு மகசூலில் விற்காமல் தேங்கிய ஒயினை எரிசாராயமாகக் காய்ச்சித் தீர்க்க வேண்டியதாயிற்று. 2000-ம் ஆண்டு வாக்கில் 20 ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் இருந்த திராட்சைப் பரப்பு, இப்போது 15 ஆயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது.

அதே போஜொலேயின் வடக்கே மோர்கோன், ஃப்ளூரி, முலான்-ஆ-வான் உள்ளிட்ட 10 பகுதிகள் உண்டு. இவற்றின் ஒயினை நூவோவாக விற்க விதிமுறை அனுமதிப்பதில்லை. அங்குள்ள விவசாயிகள் பொறுத்திருந்து, தங்கள் பகுதியின் பெயரைப் பாட்டிலில் ஒட்டி விற்கிறார்கள். மோர்கோன், முலான்-ஆ-வான் ஒயின்கள் பல வருடங்கள் வைத்திருந்தாலும் கெடாமல் மெருகேறும். நூவோவை விட நல்ல விலையும் கிடைக்கிறது.

சீக்கிரம் கைக்கு வரும் பணம் விவசாயிக்குத் தேவைதான். அதை மட்டுமே நம்பிப் பரப்பை விரித்தவர்களுக்கு, வாங்குபவர் முகம் திருப்பியதும் வேறு வழியில்லாமல் போனது. மண்ணின் பெயரைச் சொல்லி விற்றவர்கள் தாக்குப்பிடித்தார்கள்.