களையைத் தின்ற புழு



வீட்டுக் கொல்லையில் கத்தரிச் செடியில் ஒரு புழுவைக் கண்டால், அதை நசுக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்போம். ஆனால் ஒரு புழு, ஆயிரக்கணக்கான குடும்பங்களின் நிலத்தை மீட்டுக் கொடுத்த வரலாறும் உண்டு. அதை இன்று பார்ப்போம்.

சப்பாத்திக்கள்ளியை நாம் அறிவோம். அதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோனவர்கள் அதை வேலிக்காகவும் நட்டார்கள். பழத்தைத் தின்ற பறவைகள் விதையைப் பரப்பின. ஒடிந்து விழுந்த மடலும் வேர்விட்டது. 1925ஆம் ஆண்டு வாக்கில் ஏறத்தாழ 6 கோடி ஏக்கர் கள்ளிக்காடாகிவிட்டது. குடியானவர்கள் பலர் வீட்டையும் நிலத்தையும் விட்டு வெளியேறினார்கள்.

வெட்டினால் துண்டுதோறும் முளைத்தது. ஆர்சனிக் நஞ்சைத் தெளித்தார்கள். அதற்கான செலவு நிலத்தின் விலையையே மிஞ்சியது. நிரைகளில் களைக்கு மருந்து அடிக்கும் நம் பெண்களுக்கு, நஞ்சைக் கையாளும் தொல்லையைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

கள்ளி ஏன் இப்படிப் பெருகியது? தாயகத்தில் அதைத் தின்னும் பூச்சிகள் உண்டு. புது நாட்டில் அந்த எதிரிகள் இல்லை. இதை உணர்ந்த விஞ்ஞானிகள் 1925இல் அர்ஜெண்டினாவிலிருந்து ஓர் அந்துப்பூச்சியின் முட்டைகளை, ஏறத்தாழ 3,000 மட்டும், கொண்டுவந்தார்கள். அதன் பெயர் காக்டோபிளாஸ்டிஸ். உடனே வெளியே விட்டுவிடவில்லை. பயிர்களைத் தின்னுமா என்று முதலில் சோதித்தார்கள். புழுக்கள் பட்டினி கிடந்து செத்தனவே தவிர, பயிரைத் தின்று வளரவில்லை.

தாய்ப்பூச்சி முட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக, முள்போல அடுக்கி வைக்கும். பொரித்த புழுக்கள் கூட்டமாக மடலைத் துளைத்து உள்ளே நுழைந்து, சதையைத் தின்னும். மடல் அழுகிச் சரியும். 1926இல் வெளியே விடத் தொடங்கினார்கள். 1933க்குள் கள்ளிக்காட்டின் பெரும்பகுதி அழிந்தது. குவீன்ஸ்லாந்தில் பூனார்கா என்னும் ஊரார் 1936இல் அந்தப் பூச்சியின் பெயரால் ஒரு மண்டபமே கட்டினார்கள்!

ஆனால் கதைக்கு மறுபக்கமும் உண்டு. 1957இல் கரீபியத் தீவுகளில் விடப்பட்ட இதே பூச்சி, 1989இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் காணப்பட்டது. அங்கே அந்த மண்ணுக்கே உரிய அரிய கள்ளிகளையும் தின்னத் தொடங்கிவிட்டது. ஓரிடத்தில் நண்பன், மற்றோரிடத்தில் பகைவன்!

நம் செம்பனை ஓலையைத் தின்னும், பை கட்டி வாழும் புழுவும் புழுதான். அது நமக்குப் பகை. ஆகவே, புழு எதைத் தின்கிறது என்று பார்த்த பின்பே நசுக்குவதா விடுவதா என்று முடிவு செய்வோம். வெளிநாடு சென்று திரும்பும்போது, அழகாக இருக்கிறதென்று செடியையோ விதையையோ பையில் மறைத்துக் கொண்டுவர வேண்டாம். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வளர்ப்போம்.