நீலக் குப்பியும் தங்கச்சியின் கேள்வியும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கார்ல்ஸ்ரூஹேயில் ட்ராமுக்குக் காத்திருந்தேன். சென்னையில் இருக்கும் தங்கச்சியிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. சின்னக் கண்ணாடிக் குப்பி, உள்ளே நீலப் பொடி, பக்கத்தில் இன்சுலின் ஊசி. "அண்ணா, இது காப்பர் பெப்டைட். தண்ணில கலந்து ஊசி போட்டா முகம் பளபளன்னு ஆயிடுமாம். போட்டுக்கட்டுமா?"

"ரெண்டு நாள் பொறு" என்றேன். குப்பியின் மேல் 'ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருந்தது. அதை அவள் கவனிக்கவே இல்லை.

பொருள் ஒன்றும் புதுசு இல்லை. மூன்று அமினோ அமிலங்கள் சேர்ந்த சிறு துணுக்கு இது. செம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நீல நிறம் அதனால்தான். மனித ரத்தத்தின் பிளாஸ்மாவில் இது இருப்பதை 1973-ல் கண்டறிந்தவர் லோரன் பிக்கார்ட்.

க்ரீமாகத் தடவினால் பெரும்பாலோருக்குப் பிரச்சினை வருவதில்லை. சிலருக்குச் சிவக்கும், அரிக்கும், எரியும். நம்ம மாநிறத் தோலுக்கு இங்கேதான் கவனம் வேண்டும்: எரிச்சல் தணிந்த பிறகும் அந்த இடத்தில் கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கலாம். முதலில் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவிச் சில நாள் பாருங்கள். வைட்டமின் சி சீரத்தோடு சேர்த்துப் போட வேண்டாம். செம்பு அதைச் சிதைத்துவிடும். உடம்பில் செம்பு தேங்கும் வில்சன் நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

ஊசி என்றால் கதையே வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1223/2009 விதிப்படி, அழகுசாதனம் விற்பனைக்கு வரும் முன் அதன் பாதுகாப்பை மதிப்பிட்டாக வேண்டும். எங்கள் ஊரிலேயே அழகுசாதனங்களைச் சோதிக்கும் அரசு ஆய்வகம் இருக்கிறது. ஆனால் உடம்புக்குள் செலுத்துவது அந்த விதியின்படி அழகுசாதனமே இல்லை. அந்தக் குப்பிக்குள் இருப்பது என்ன, கிருமி இல்லாததா, அளவு சரியா என்று பொறுப்பேற்க யாரும் இல்லை. அமெரிக்காவின் எஃப்டிஏவும் 2023-ல் ஊசிவழிக் காப்பர் பெப்டைடைப் பாதுகாப்புக் கவலை உள்ளவற்றின் பட்டியலில் வைத்தது. உடலின் எதிர்ப்பு சக்தி தாறுமாறாகக் கிளம்பலாம், மாசு கலந்திருக்கலாம் என்பதுதான் கவலை.

இதையெல்லாம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"அப்ப நான் போட்ட காசு?"

"காசு போனா சம்பாதிச்சுக்கலாம்டி. மூஞ்சி போனா?"

குப்பியைத் தூக்கிப் போட்டுவிட்டாள். ஊசியை மட்டும் தெருக் குப்பையில் வீசாமல், பக்கத்து ஆஸ்பத்திரியில் கொடுக்கச் சொன்னேன்.