கதவு போனது, சிம்மாசனம் வந்தது!

ஒரு மன்னர் தன் அரண்மனைக் கதவைக் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாக ஒரு சிம்மாசனம் வாங்கிக் கொண்டார்!

இது கட்டுக்கதை அல்ல. 1924-ம் ஆண்டு நடந்த உண்மைச் சம்பவம்.

மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள நாடு நைஜீரியா. அதன் தென்மேற்குப் பகுதியில் யொருபா மக்கள் வாழ்கிறார்கள். அங்கே பாறை மலைகள் சூழ்ந்த ஓர் ஊர் இகெரே. அந்த ஊர் மன்னருக்கு "ஒகோகா" என்று பட்டம். கதவைக் கொடுத்தவர் அந்த ஒகோகாதான்.

ஊரின் நடுவே

யொருபா ஊர்களில் அரண்மனை ஊருக்கு நடுவே இருக்கும். அதன் எதிரே சந்தை கூடும். அதற்கு "மன்னர் சந்தை" என்றே பெயர்.

அரண்மனை என்றதும், ஏழு அடுக்கு மாளிகை என்று நினைத்துவிட வேண்டாம். பழைய யொருபா அரண்மனைக்கு மண் சுவர், வேய்ந்த கூரை. நடுவே வானம் பார்த்த முற்றம். முற்றத்தைச் சுற்றிலும் தாழ்வாரம். இப்படி ஒரு முற்றத்தை அடுத்து இன்னொரு முற்றமாக அரண்மனை நீண்டு போகும்.

வெளி முற்றத்தில் ஊரார் கூடுவார்கள். அங்கே வழக்குகள் தீர்க்கப்படும், திருவிழாக்கள் நடக்கும். உள்ளே போகப் போகக் கட்டுக்காவல் அதிகம்.

விழா நாளில் மன்னர் மணிகள் கோத்த கிரீடம் அணிந்து வருவார். மணிச் சரங்கள் திரைபோலத் தொங்கி, அவர் முகத்தை மறைக்கும். மக்கள் வணங்குவது அந்த முகத்தை அல்ல, கிரீடத்தை!

தச்சரின் கைவண்ணம்

மண் சுவர் அரண்மனைக்கு அழகு தந்தவை மரக் கதவுகளும் தாழ்வாரத் தூண்களுமே. அவற்றைச் செதுக்குவதில் ஒருவர் பெரும் புகழ் பெற்றார். அவர் பெயர் ஓலோவே. இஸே என்ற ஊர்க்காரர். பல மன்னர்கள் அவரை அழைத்து, தங்கள் அரண்மனைகளில் வேலை கொடுத்தார்கள்.

இகெரே அரண்மனைக்கு அவர் 1910-க்கும் 1914-க்கும் இடையில் கதவும் தூண்களும் செய்து கொடுத்தார்.

அந்தக் கதவில் ஒரு சரித்திரமே இருக்கிறது. நைஜீரியாவில் ஆங்கிலேயர் ஆட்சி பரவி வந்த காலம். ஆம்புரோஸ் என்ற ஆங்கில அதிகாரி ஒகோகாவைக் காண வந்தார். அந்தக் காட்சியைத்தான் ஓலோவே செதுக்கினார்.

ஒரு பக்கம், மன்னர் கிரீடத்துடன் சிம்மாசனத்தில் அமர்ந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் அரசி நிற்கிறாள். மறு பக்கம், வெள்ளைக்கார அதிகாரியைப் பல்லக்கில் சுமந்து வருகிறார்கள்.

கவனியுங்கள். மன்னர் இருந்த இடத்தில் இருக்கிறார். அதிகாரிதான் அவரைத் தேடி வருகிறார்!

லண்டன் பயணம்

1924-ல் லண்டன் வெம்பிளியில் பிரிட்டிஷ் சாம்ராஜ்யக் கண்காட்சி நடந்தது. நைஜீரியா மண்டபத்தில் இந்தக் கதவையும் வைத்தார்கள். பிரிட்டிஷ் பொருட்காட்சிச்சாலை அதிகாரிகள் பார்த்தார்கள். "இது நமக்கு வேண்டும்" என்று ஆசைப்பட்டார்கள்.

மன்னரிடம் பேச்சு நடந்தது. முடிவில், இங்கிலாந்தில் செய்த ஒரு சிம்மாசனத்தைப் பெற்றுக்கொண்டு கதவைக் கொடுக்க ஒகோகா சம்மதித்தார். கதவு லண்டனில் தங்கிவிட்டது. சிம்மாசனம் இகெரேக்கு வந்தது.

இது சரியான பேரமா? ஊரை ஆள்வது அன்னியர், கேட்பதும் அவர்களே. அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு மன்னர் எவ்வளவு தூரம் மறுக்க முடியும்? இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆனால் அரண்மனை வாசல் வெறுமையாகக் கிடக்கவில்லை. ஓலோவே மீண்டும் உளியை எடுத்தார். போன கதவுக்குப் பதிலாக வேறு கதவு செய்து கொடுத்தார்!

அரசியின் தூண்

அதே அரண்மனைக்காக அவர் செய்த தூண் ஒன்று, 1984 முதல் அமெரிக்காவில் சிகாகோ கலைக்கூடத்தில் இருக்கிறது. அதில் மன்னர் அமர்ந்திருக்கிறார். பின்னால் மூத்த அரசி, அவரைவிடப் பெரிய உருவமாக நிமிர்ந்து நிற்கிறாள்.

ஏன் அப்படி? முடிசூட்டு விழாவில் மன்னர் தலையில் கிரீடத்தை வைப்பவள் அவளே. அவளுடைய துணை இல்லாமல் ஆட்சி நிலைக்காது என்பதையே அந்தத் தூண் சொல்கிறது.

பெயர் நிலைத்தது

ஓலோவே 1938-ல் காலமானார். அதற்கு ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1988-ல், அவருடைய மனைவியரில் ஒருவர் கணவரின் புகழைப் பாடலாகப் பாடினார். அதைப் பதிவு செய்து வைத்தார்கள். 1998-ல் வாஷிங்டனில் அவருடைய சிற்பங்களுக்கென்றே தனிக் கண்காட்சி நடந்தது.

1960-ல் நைஜீரியா சுதந்திரம் அடைந்தது. ஆட்சி அதிகாரம் மன்னர்களிடம் இல்லை. ஆனாலும் யொருபா ஊர்களில் மன்னர்கள் இருக்கிறார்கள். இகெரேயில் ஒகோகா பட்டமும் தொடர்கிறது. விழாக் காலங்களில் ஊர் மக்கள் அரண்மனையில் கூடுகிறார்கள்.

அவர்களுடைய பாட்டன்மார் தள்ளித் திறந்த அந்தப் பழைய கதவைப் பார்க்க வேண்டுமானால், அவர்கள் லண்டனுக்குத்தான் போக வேண்டும்!